அண்ணன் வாங்கிய சத்தியமும் அண்ணி போட்ட கையெழுத்தும்

செய்யூர் பக்கத்தில், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே, ஒரு கூலிக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். அப்பா மாரியம்மன் பக்தர். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர். வீட்டில் ஒரே ஆணியில் இரண்டு காலண்டர்கள் தொங்கும். எது மேலே என்பதில் அவ்வப்போது சச்சரவு வரும். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே அண்ணன் அதைப் பார்த்து, "ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்றது தப்பா இருக்கணும். இல்லாங்காட்டி ரெண்டு பேருமே தப்பு" என்றாராம். அப்பா ஓர் அறை விட்டார். ஒன்று போதாது என்றார் அம்மா. எங்கள் வீட்டில் இரண்டு மதங்களும் ஒன்றுபட்ட நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அண்ணன் ஐ.டி.ஐ. படித்தார். கல்பாக்கத்தில் பல வருடம் ஒப்பந்தத் தொழிலாளி, பிறகு நிரந்தர பிட்டர். செங்கல்பட்டில் வீடு கட்டினார். என்னைப் படிக்க வைத்து ஓர் அலுவலக நாற்காலியில் உட்கார வைத்தார். பதிலுக்கு நான் நாற்பது வருடம் அவரை எதிர்த்துப் பேசினேன். கடவுள் உண்டு என்பது என் கட்சி. பெரிய ஞானம் ஒன்றுமில்லை. வீட்டில் எதிர்க்கட்சி காலியாக இருந்தது.

"மேல ஒருத்தர் பாக்குறாருன்ற பயம் இல்லன்னா எவன் ஒழுங்கா இருப்பான்?" என்பது என் பிரம்மாஸ்திரம். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இழந்தேன். நான் கோயிலுக்குப் போக வேண்டும். அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். ஜி.எஸ்.டி. சாலையில் சிவப்பு விளக்கு. போலீஸ் இல்லை, குறுக்கே ஒரு வண்டி இல்லை. அண்ணன் நிறுத்திவிட்டார்.

"ஒருத்தனும் இல்லண்ணா, போ. அபிஷேகம் முடிஞ்சிரும்."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "மேல ஒருத்தர் பாக்குறாருன்னு சொல்றவன் நீ. போன்றதும் நீ. யாரும் பாக்கலன்னு சொல்றவன் நான். நின்னுகினு கீறேன்."

அபிஷேகம் முடிந்துவிட்டது.

நெஞ்சு பலவீனமாகி, கடைசி இரண்டு வருடம் கட்டிலும் ஆஸ்பத்திரியுமாகக் கழிந்தன. மூச்சு வாங்கும், வாதத்தை விடமாட்டார். ஒருநாள் அண்ணி கடைக்குப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நான் போனா காரியம் கீரியம் எதுவும் வேணாம். உடம்ப மெடிக்கல் காலேஜுக்குக் குடுத்துரு. சத்தியம் பண்ணு."

"யார் மேல பண்றது? நீதான் ஒருத்தரையும் மிச்சம் வைக்கலியே."

கொஞ்சம் யோசித்தார். "நீ நம்புற ஆள் மேலயே பண்ணு. எனக்கு வேல ஆவணும்."

திருப்போரூர் முருகன் மேல் சத்தியம் செய்தேன். நாத்திகருக்காக முருகன் ஜாமீன் நின்றார்.

அண்ணன் போன காலையில் உறவினர்கள் வந்து நிறைந்தார்கள். அஸ்தியை மாமல்லபுரம் கடலில் கரைப்பதற்கு வண்டி வரைக்கும் பேசிவிட்டார்கள். உடல்தான விண்ணப்பத்தில் அண்ணன் தன் கையெழுத்தை எப்போதோ போட்டு வைத்திருந்தார். ஆனால் மனைவியும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது கல்லூரி. தாளை எடுத்துக்கொண்டு அண்ணி முன்னால் நின்றேன். நிற்கும்போதுதான் உறைத்தது. அண்ணன் சொன்னது சரியென்றால், கோபித்துக்கொள்ள இனி ஆள் இல்லை. அண்ணியின் ஆறுதலுக்காகக் காரியம் செய்துவிடலாம். நான் சொன்னது சரியென்றால், அந்த ஆத்மாவுக்குக் காரியம் தேவை. எந்தக் கணக்கிலும் காரியம் செய்வதே நியாயம். என் கையில் இருந்ததோ தாள்.

அண்ணி படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தம்பி, நீ சொல்லு. செத்தப்புறம் ஆளு கீதா, இல்லியா?"

"இருக்காங்க அண்ணி."

"அப்ப அவுரு கீறாரு. பசியோட கீறாரு. சோறு வெக்காத, தண்ணி வுடாதன்னு நீ காயிதத்த எடுத்துனு வந்து நிக்கிற."

"சத்தியம் பண்ணிட்டேன் அண்ணி."

"உன் சத்தியத்துக்கு என் புருஷன் பட்டினி கெடக்கணுமா?"

நாற்பது வருடம் வாதாடியவன் பேனாவை நீட்டினேன். அண்ணி தாளில் அண்ணனின் கையெழுத்து மேல் விரலை வைத்தார்.

"எங்கிட்ட ஏன் கேக்கல அவுரு?"

"நீங்க அழுவீங்கன்னு சொன்னாரு."

"அழுவாம? அழுதுட்டுப் போட்டிருப்பேன். கேட்டிருக்கலாம் இல்ல?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அறம் எது, நியாயம் எது என்று அண்ணனும் நானும் கொளவாய் ஏரிக்கரையில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். சமையலறையில் இருந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு வருடமாக நான் போனால் அண்ணி காபி கொடுக்கிறார், உள்ளே போய்விடுகிறார். சத்தியத்தைக் காப்பாற்றியவனுக்கு நிம்மதி கிடைக்கும் என்று படித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தது அலுப்பு.

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பாவோட நினைவு மலருக்கு அம்மா உங்களத்தான் எழுதச் சொன்னாங்க. நடந்தத நடந்தபடியே எழுதணுமாம்." எழுதிவிட்டேன்.

இரவு பகல் பாராமல் ஆட்டோ ஓட்டி உதவிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பேசிய வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு எங்களோடு நின்ற உறவினர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். அண்ணனிடம் உடற்கூறு பயிலும் மாணவர்களுக்கும் நன்றி. குறுக்குக் கேள்வி கேட்காத அண்ணனை நாங்கள் பார்த்ததில்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

வருட நினைவு நாளில் அண்ணி இலை போட்டுப் படைக்கப் போகிறார். நான் தடுக்கவில்லை. காரியம் வேண்டாம் என்று அண்ணன் சத்தியம் வாங்கியது என்னிடம். அண்ணியிடம் எதுவும் வாங்கவில்லை. அண்ணி படைப்பார், நான் கூடமாட நின்று பரிமாறுவேன். அனைவரும் வந்து சாப்பிட வேண்டும். இந்த நியாயத்தில் ஓட்டை இருந்தால் அண்ணனே வந்து சொல்லட்டும்.