செக்கர் வீட்டு ஜன்னல்

கல்யாணத்துக்கு வாங்கிய இரும்பு பீரோவில் துணி அடுக்கியவர்கள் உண்டு, நகையை வைத்துப் பூட்டியவர்கள் உண்டு. அதைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப்போய், பெயின்ட்டை எரித்துச் சுரண்டி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒரு குழாயைப் பற்றவைத்து, குழாயின் மறுமுனையில் கட்டை எரிக்க இரும்பில் நெருப்புப் பெட்டி ஒன்றையும் ஒட்டி, உள்ளே குடலில் கறி அடைத்த சாசேஜைப் புகையில் வாட்டத் தொங்கவிட்டவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். தெருவே அவளை வெல்டர் என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையைச் சொறிவார்கள்.

"மத்தவங்க பீரோவுல பவுன் இருக்கும். எங்க வீட்டு பீரோவுல பன்னிக்கறி தொங்குது," என்பார் அவள் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். சாப்பாட்டில் மட்டும் ஒன்றும் தெரியாது. கஞ்சியும் ஒன்றுதான் அவருக்கு, கறியும் ஒன்றுதான்.

வெல்டருக்குப் பட்டறை தெருமுனையில். கேட், படிக்கட்டுக் கம்பி, தண்ணீர்த் தொட்டி என்று எது வந்தாலும் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது. அவள் ஒட்டிய இடத்தை விரலால் தடவினால் ஒட்டின அடையாளமே தெரியாது.

சாசேஜை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கோ ஒரு விருந்தில் சாப்பிட்டாள், நாக்கு அதை விடவில்லை, வீட்டுக்கு வந்து செய்து பார்த்தாள். முதல் தடவை குடலில் கறியை முட்ட முட்டத் திணித்ததில், முறுக்கும்போது ஒவ்வொன்றாக வெடித்தது. அடுத்த தடவை சூடு ஏறிப்போய்க் கொழுப்பெல்லாம் உருகி ஓடிவிட்டது. பீரோவைத் திறந்தால் கம்பியில் காய்ந்த சுருக்குப்பைகள்தான் தொங்கின. வேறு யாராவது என்றால் தலை முழுகியிருப்பார்கள். இவள் பட்டறைக்குப் போய் நெருப்புப் பெட்டிக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு மூடி செய்துகொண்டு வந்தாள்.

அப்புறம் பிடிபட்டது. கறி சில்லென்று இருக்க வேண்டும், பிசைகிற கை விறைத்துப்போக வேண்டும். பிசைந்த கறியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஒட்டி, கையைக் கவிழ்த்தால் விழக்கூடாது. குடலுக்குள் தண்ணீர் விட்டு அலசி, அளவாக அடைத்து, ஒன்றை இந்தப் பக்கம் முறுக்கினால் அடுத்ததை அந்தப் பக்கம் முறுக்கி, காற்றுக் குமிழி தெரிந்த இடத்தில் ஊசியால் குத்தி, ஃபேன் காற்றில் தோல் உலரும்வரை தொங்கவிடுவாள். ஈரத்தோலில் புகை பட்டால் கரிதான் பூசும். உலர்ந்த தோலில் பட்டால் செம்பு நிறம் வரும். இதையெல்லாம் அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், பசி தெரியாது.

இத்தனைக்கும் ஒரே எதிரி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்த தனிக்கட்டை. பீரோவில் புகை கிளம்பினால் போதும், மனிதருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"ஏம்மா, இது வீடா இல்ல செங்கச் சூளையா?" என்று ஜன்னல் வழியே கேட்பார். அடுத்து அந்த ஜன்னல் படாரென்று சாத்தப்படும்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை," என்று இவள் கட்டையோடு பேசுவதுபோல் சத்தமாகச் சொல்லுவாள். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "நகையெல்லாம் எனக்கு வேணாம்மா. கல்யாணச் சாப்பாட்டுல உன் சாசேஜ் இருக்கணும். அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் சாப்பிடணும்," என்று மகள் ஒரே பிடியாக நின்றாள். வெல்டருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், "பாக்கலாம்," என்றாள்.

அந்த மாதம்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. பட்டறையில் வயரின் ரப்பர் கருகிப் புகைந்துகொண்டிருக்க, எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து கத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வெங்காயத்தை நறுக்கி மூக்குக்கு நேரே பிடித்தாள். கண் கலங்கியது, வாசனை வரவில்லை. டாக்டர், "வந்தாலும் வரலாம், நாளாகும்," என்றார்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் மகள் சாசேஜே வேண்டாம் என்பாள், அதை இவளால் தாங்க முடியாது. உப்பையும் மிளகையும் தராசு பார்த்துக்கொள்ளும். கறியைக் கண்ணெதிரே வெட்டி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் புகையை மூக்கு ஒன்றுதான் பார்க்க முடியும். நல்ல புகையா, கசக்கிற புகையா என்று தெரியாமல் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு எப்படிச் சாப்பாடு போடுவது?

ஒத்திகை பார்க்கலாம் என்று கொஞ்சமாகச் செய்து பீரோவில் ஏற்றினாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது செக்கர் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. பழக்கத்தில் ஏதோ முணுமுணுத்தவள், நெருப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு கட்டை ஈரத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. அதை வெளியே இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திறந்தது. செக்கர் பேப்பரும் கையுமாக அங்கேயே வந்து உட்கார்ந்தார்.

வெல்டர் அப்படியே நின்றாள். யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் கத்தியதெல்லாம் ஈரக்கட்டை வைத்த நாட்களில்தான். நல்ல புகை வந்த நாட்களில் ஜன்னல் திறந்தேதான் இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் கற்பூர வாசனை தெரியாமல் இருந்த கழுதை யார் என்று நினைத்து, தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுடைய மூக்கு அந்த ஜன்னல்தான். சாத்தினால் கட்டையை மாற்றுவாள், திறந்தால் விட்டுவிடுவாள். ஒத்திகைச் சாசேஜைச் சாப்பிட்ட மகள், "இதுவரைக்கும் செஞ்சதுலயே இதாம்மா நல்லாருக்கு," என்றாள். வெல்டருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் முதல் அடுக்கை ஏற்றினாள். மழையில் நனையக்கூடாதென்று கட்டைகளை முன்பே பிளந்து பட்டறையில் துளை போடும் மெஷினுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தாள். எலும்பு மாதிரி காய்ந்த கட்டைகள். புகை மெல்லிசாக, நீலமாக வந்தது.

ஜன்னல் சாத்திக்கொண்டது.

கட்டையைப் பார்த்தாள், ஈரமில்லை. சூட்டைப் பார்த்தாள், சரியாக இருந்தது. தோலைத் தொட்டாள், உலர்ந்திருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தும் ஒரு குறையும் தெரியவில்லை. ஜன்னல் திறக்கவில்லை.

"காத்துக்குச் சாத்தியிருக்கும். நீ உன் வேலையைப் பாரு," என்றார் வீட்டுக்காரர்.

இருக்கலாம். ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் குறிப்பு எடுப்பது வேறு, கதவைத் தட்டி எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நிற்பது வேறு. அதுவும் அந்த மனிதரிடம். வெல்டர் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

செக்கர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்.

"ஏன் சார் ஜன்னலைச் சாத்திட்டீங்க?"

"பின்ன? மெஷின் ஆயில் நாத்தம் குடலைப் புடுங்குது. கல்யாணத்துல இதையா போடப் போற?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துளை போடும் மெஷினிலிருந்து நாள் முழுக்க ஆயில் சொட்டும், காய்ந்த கட்டை அதைக் குடித்துவிட்டிருந்தது. பட்டறைக்காரிக்கு அதைவிடப் பத்திரமான இடம் தோன்றாமல் போனதுதான் கொடுமை.

"எனக்குத் தெரியல சார். காய்ச்சலோட எனக்கு வாசனையே போயிடுச்சு," என்றாள்.

"தெரியும்மா," என்றார் செக்கர். "முன்னல்லாம் நான் கத்தி முடிக்கறதுக்குள்ள நீயே கட்டையை எடுத்துடுவ. இப்ப நான் சாத்தின பிறகுதான் எடுக்கற. நெருப்பைப் பாக்கறதில்ல, என் ஜன்னலைப் பாக்கற. பஸ்ல யார் கண்ணு எங்க போகுதுன்னு பாத்தே சம்பளம் வாங்கினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அதான் பனிக்காத்துலயும் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களா?"

"வேற எனக்கு என்ன வேலை?" என்று அவர் செருப்பைத் தேடினார்.

வீட்டுக்காரர் பீரோவிலிருந்த சாசேஜைப் பாவமாகப் பார்த்தார். "கழுவிட்டா போகாதா?"

"துணியா, துவைச்சுக் காயப்போட?" என்ற வெல்டர், கம்பி கம்பியாக எடுத்துக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். புதைத்த ஒவ்வொன்றும் அவள் கை விறைக்கப் பிசைந்தது. கறிக்கடைக்குப் போய்த் திரும்பவும் கறி வாங்கி வந்தாள். பீரோவை வெறும் நெருப்பு மூட்டி எரியவிட்டு, ஆறியதும் தேய்த்தாள். செக்கர் தலையை உள்ளே விட்டு மூலை மூலையாக மோந்து பார்த்து, இன்னொரு தடவை எரிக்கச் சொன்னார். எரித்தாள். புதுக் கட்டைகளை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் கையில் கொடுத்தார்.

அன்றும் மறுநாளும் அவர் பீரோ பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புகை மாறும்போதெல்லாம் வெல்டர் திரும்பிப் பார்ப்பாள். அவர் பழைய உத்தியோக தோரணையில் கையை அசைத்து, "ரைட்," என்பார். அவள் அடுத்த கட்டையை வைப்பாள்.

கல்யாண மண்டபத்தில் சாப்பாடு நடந்தது. செக்கரைக் கூட்டத்தில் தனியாக விடாமல், குடும்பத்தோடு இருக்கும்படி எதிர் மேசையில் உட்காரவைத்திருந்தாள். அவருக்குப் பின்னால் பெரிய ஜன்னல் ஒன்று மூடியிருந்தது. பரிமாறுகிறவர் அவர் தட்டில் சாசேஜை வைத்துவிட்டுப் போனார்.

மகள் கல்யாணக் கோலத்தோடு வந்து, ஒரு துண்டை எடுத்து அம்மாவின் வாயில் ஊட்டினாள். "எப்படிம்மா வந்திருக்கு? நீயே சொல்லு."

வெல்டர் மென்றாள். உப்பு தெரிந்தது, மிளகின் காரம் தெரிந்தது, தோல் பல்லில் படக்கென்று உடைந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெல்டர் எதிர் மேசையைப் பார்த்தாள். செக்கர் ஒரு துண்டைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பின்னால் திரும்பி, கொக்கியை நீக்கி, ஜன்னலின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவைத்தார்.

"நல்லா வந்திருக்குடி," என்றாள் வெல்டர். சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது.