தொண்ணூறு சதவீத முழங்கால்

முழங்கால் பார்க்கும் எங்கள் கிளினிக் முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. பதினான்கு படிகள், கைப்பிடி பத்தாவது படியோடு முடிந்துவிடும். மந்தைவெளியில் அந்த இடத்தில் முப்பத்தொரு வருடம் பிசியோவாக இருந்தேன். படிகளைப் பற்றி உரிமையாளரிடம் ஒன்பது முறை புகார் சொன்னேன். "ஏறி வந்துட்டாங்கன்னா பாதி குணமாயிடுச்சுன்னு அர்த்தம், சார்" என்பார்.

நான் ஓய்வு பெற்ற வருடம் பாஸ்கர் அந்தப் படிகளில் ஏறி வந்தார். தி.நகரில் துணிக்கடை சூப்பர்வைசர், வயது நாற்பத்து மூன்று. ஷட்டில் ஆடும்போது வலது முழங்காலில் லிகமென்ட் அறுந்து, ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம். வலிக்கிறதா என்று நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்:

"எப்ப சார் ஆடலாம்?"

எல்லோரும் கேட்கிற முதல் கேள்விதான். நான் எல்லோருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன். "மாசத்தை எண்ணாதீங்க. கடைசியில ஹாப் டெஸ்ட் வைப்பேன். ஒத்தைக் காலால தாண்டி அதே கால்ல நிக்கணும். ஆபரேஷன் ஆன கால், நல்ல கால் தாண்டுறதுல தொண்ணூறு சதவீதமாவது தாண்டணும். ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும்."

"தொண்ணூறா? வாங்கிடலாம் சார்."

வாங்கிடலாம் என்றார். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆறாம் மாத முடிவில் முதல் ஹாப் டெஸ்ட். இடது கால் 141 சென்டிமீட்டர், வலது 104. எழுபத்து நான்கு சதவீதம். தொடைத் தசைக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்தேன்: தினம் மூன்று செட், செட்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த மாதம் பாஸ்கர் தனியாக வரவில்லை. அவருடைய ஃப்ளாட்ஸ் ஷட்டில் டீமின் கேப்டன் வெங்கட்ராமனும் கூட வந்தார். வயது அறுபத்திரண்டு. பதினான்கு படிக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"ஆடலாம்னு கையெழுத்து போட்டுடுங்கோ சார். ஞாயித்துக்கிழமை அடையார் டீமோட ஃபைனல். இவன் இல்லேன்னா பின்னாடி யார் நிக்கறது, என் மாட்டுப்பொண்ணா?"

"அவங்க ஆடுவாங்களா?"

"இவனைவிட நன்னா ஆடுவா. ஆனா இது ஆம்பளைகள் டபுள்ஸ்."

பாஸ்கர் தாண்டினார். சதவீதம் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு! எனக்கே பெருமையாக இருந்தது. 'ஆடலாம்' என்று கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஞாயிறு காலை, காப்பி குடித்துவிட்டு அந்த வாரத்து அளவுகளை ரிஜிஸ்டரில் ஏற்றுவது என் வழக்கம். பாஸ்கரின் வரிக்கு வந்தேன். வலது கால் 106. ஒரு மாதத்தில் இரண்டே சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. இடது கால் 113. நல்ல கால் இருபத்தெட்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது! முழங்கால் தேறவில்லை, சதவீதம்தான் தேறியிருக்கிறது. அந்த முழங்காலோடு வேகமாகத் திரும்பினால் தைத்த லிகமென்ட் மறுபடி அறுந்துபோகும். அதற்குக் கையெழுத்து போட்டவன் நான்.

பாஸ்கருக்கு ஏழு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் என் வீட்டிலிருந்து ஃபைனல் நடக்கும் இடத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனால், ஸ்கோர் எட்டுக்கு ஐந்து, பாஸ்கர் கோர்ட்டில். நேராக உள்ளே நடந்தேன். ஷட்டில் என் தோளில் விழுந்தது. பாயின்ட் யாருக்கு என்று இரண்டு டீமும் சண்டை போட்டன.

"பாஸ்கர், இடது காலால ஒரு தடவை தாண்டுங்க" என்று டேப்பை விரித்தேன்.

தாண்டினார். 112.

வெங்கட்ராமனுக்கு மானம் போயிற்று. "என்னடா இது? நல்ல கால்தானே? கிழவன் நானே இதைவிடத் தாண்டுவேன்!"

அடையார் டீம் சிரித்தது. பாஸ்கரின் முகம் சிவந்தது. வேட்டி மடித்துக் கட்டும் ஆவேசத்தோடு ட்ராக் பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு தாண்டு தாண்டினார். 143.

டேப்பைச் சுருட்டினேன்.

"ஏன் பாஸ்கர்?"

"நீங்கதான சார் ரெண்டும் சமமா இருக்கணும்னீங்க? வலது ஏற மாட்டேங்குது. அதான் இடதைக் கொறைச்சேன்."

"சமத்தை ஃபைனல் முடிஞ்சப்புறம் பாத்துக்கப்படாதோ?" என்றார் கேப்டன்.

கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தேன். மாற்று ஆட்டக்காரர் இல்லாததால் கேப்டனின் மருமகளை இறக்கலாமா என்று கேட்டார்கள், அடையார் ஒப்புக்கொள்ளவில்லை. கோப்பை அடையாருக்குப் போனது. அந்த ஃப்ளாட்ஸில் நாற்பத்தெட்டு வீடுகள். அடுத்த இரண்டு மாதம் அங்கிருந்து ஒருவர்கூட எங்கள் கிளினிக்கில் ஏறவில்லை, பாஸ்கரைத் தவிர. அவர் கோபத்தோடு வந்தார். கோபத்தோடு மூன்று செட்டும் செய்தார். பத்தாம் மாதம் இடது 142, வலது 133. இந்த முறை சதவீதத்தைக் கடைசியில்தான் போட்டேன். அடுத்த ஞாயிறு அவர் ஆடினார், முழங்கால் தாங்கியது.

தப்பில் பாஸ்கர் ஏமாற்றியது பாதி. இரண்டு எண்ணையும் என் கையாலேயே எழுதிவிட்டு மூன்றாவதான சதவீதத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்தது மீதி. இப்போது தொழிலுக்கு வருகிற பிசியோக்களுக்கு ஒன்று சொல்வேன். நல்ல கால் எவ்வளவு தாண்டுகிறது என்பதை முதலில் பாருங்கள். தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் நோயாளியிடம் சொல்லாதீர்கள். மதிப்பெண் வாங்கியே வளர்ந்த ஊர் இது. எவ்வளவு கேட்டாலும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.