ஓட்டை விழுந்தால் சந்தோஷம்

கயிற்றில் கட்டிய புட்டியைச் சாக்கடைக்குள் மெல்ல இறக்குகிறார் அக்கா. போகிறவர்கள் நின்று, "என்னம்மா, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கேட்பார்கள். ஒருமுறை விளையாட்டாக "மோதிரம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். நல்ல மனிதர்கள் சிலர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். அவர்களை மேலே ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போதெல்லாம் உண்மையையே சொல்கிறார். "சாக்கடைத் தண்ணி வேணுங்க, கொஞ்சம் கெட்டியா." கூட்டம் தானாகக் கலைந்துவிடுகிறது.

பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. டாக்டரிலிருந்து காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'சாக்கடை அக்கா'தான். மருந்துக்கு மசியாத பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களைத் தேடிப் பிடிப்பது அவர் பொறுப்பு. இவை மனிதரைச் சீண்டுவதில்லை. பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்க வைத்துவிட்டு வெளியே வரும். பாக்டீரியா கொழிக்கும் இடத்தில்தான் இவையும் குடியிருக்கும் என்பதால், ஊரில் மூக்கைப் பொத்த வைக்கும் மூலைமுடுக்கெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. ஒரே சிக்கல், ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த வகையை மட்டும்தான் தொடும். "எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். பிடிச்சதை வெச்சா தட்டையே வழிச்சிடும். இல்லேன்னா திரும்பிக்கூடப் பாக்காது."

சின்ன வட்டத் தட்டில் பாக்டீரியாவை வளர்த்தால் பாலாடை போலப் படரும். அதன்மேல் வடிகட்டிய சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுவிடுவார். மறுநாள் ஆடையில் ஓட்டை விழுந்திருந்தால் வேட்டை பலித்தது. பேருந்தில் போகும்போதும் போனில் இதே விசாரணைதான். "ஓட்டை விழுந்துச்சா? பெருசாவா? அப்பாடா." பக்கத்து இருக்கைக்காரர் தன் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

வீட்டுக்காரரோ பால் பண்ணையில் தயிர்ப் பிரிவுக்குப் பொறுப்பாளர். பாலை உறைய வைப்பதும் பாக்டீரியாதான். அதற்கும் எமனாக வைரஸ் உண்டு. அது தொட்டியில் புகுந்துவிட்டால் தயிராக வேண்டிய பால் பாலாகவே நிற்கும். ஆகவே, அக்கா 'செல்லங்க' என்று கொஞ்சுவதை அவர் 'கழிசடைங்க' என்பார். "முதல்ல குளி, அப்புறம் பேசு" என்று வாசலிலேயே மறிப்பதுதான் மனைவிக்கு அவர் தரும் அன்றாட வரவேற்பு. வீடு முழுக்க பிளீச்சிங் பவுடர் வாடை. குளியலறை வடிகாலுக்கு மட்டும் இரட்டைப் பங்கு.

அப்படிப்பட்டவருக்குத்தான் காலில் புண் வந்தது. சர்க்கரை வியாதிக்காரர். எந்த மருந்துக்கும் புண் ஆறவில்லை. பெருவிரலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அக்கா அவகாசம் கேட்டு வாங்கினார். புண்ணிலிருந்த பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து, மீன் சந்தை, பேருந்து நிலையம், மருத்துவமனைப் பின்புறம் என்று ஊர்த் தண்ணீரையெல்லாம் சொட்டுவிட்டுப் பார்த்தார். ஆடை அப்படியே இருந்தது. "கொழுகொழுன்னு இருக்கியே, பாவி" என்று தட்டைத் திட்டினார். யாரும் பார்க்காதபோது அழவும் செய்தார்.

கட்டிலில் கிடந்தவருக்கு வேறு கவலை. "நான் படுத்ததிலேர்ந்து குளியலறையில யாரும் பவுடர் போடல. நாறுது. என் காலைக் கழுவுற தண்ணி பூரா அங்கதான் போகுது. போய்ப் போடு."

டப்பாவும் கையுமாக வடிகால் மூடியைத் தூக்கிய அக்கா அப்படியே நின்றார். புண்ணைக் கழுவிய தண்ணீரோடு அந்தப் பாக்டீரியாவும் இத்தனை நாளும் இங்கேதானே இறங்கி, பவுடர் படாமல் கொழித்திருக்கிறது? குனிந்து முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன, போட்டியா இல்லியா?"

"இருங்க, புட்டி எடுத்துட்டு வரேன்."

மறுநாள் தட்டில் ஓட்டை. ஊரெல்லாம் அலைந்து தேடியது வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அதைப் பெருக்கி, சுத்தம் செய்து, டாக்டர்கள் கூடிப் பேசிச் சம்மதித்த பிறகு, மருந்தோடு சேர்த்து இதையும் புண்ணில் விட்டார்கள். வாசமே இல்லாத தெளிந்த திரவம்தான். ஆனாலும் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தச் சாக்கடை?"

"நம்ம வீட்டுதுங்க."

அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். புண் ஆறத் தொடங்கிய பிறகும் அந்த அவமானம் ஆறவில்லை.

விரல் பிழைத்தது. அவர் மறுபடி பண்ணைக்குப் போகிறார்; பவுடர் டப்பாவும் பழையபடி கைக்கு வந்துவிட்டது. வாசலில் மறிப்பதையும் விடவில்லை. ஆனால் இப்போது, அக்கா வந்து நின்றதும், ஆறிய காலைப் படிக்கு வெளியே நீட்டுகிறார்.

"தொடாம எண்ணிக்கோ."

அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிகிறார். உதடு மட்டும் அசைய, ஐந்து விரலையும் எண்ணி முடித்த பிறகே குளிக்கப் போகிறார்.