மஞ்சளுக்கு மேல் நீலம்

அந்தத் தேர்தல் சமயத்தில் எங்கள் வீட்டில் துணி காயப்போட ஒரு முழக் கயிறுகூட மிச்சமில்லை. எல்லாக் கயிற்றிலும் மஞ்சள் அடித்த கடதாசிகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்தபடி நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

வீடு என்னுடையது, சீதனமாக வந்தது. எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் கணவர் வரும்போது, காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம் ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தார். அது முன்னறையைப் பிடித்துக்கொண்டது. அதனால் யாருக்கும் தொல்லை இருக்கவில்லை, என் காக்கா பட்டின சபைத் தேர்தலில் நிற்கும்வரை. காக்கா என் மூத்த சகோதரர். அவரை எதிர்த்து நின்றவரோ என் கணவரின் தாய்மாமன். எங்கள் ஊரில் தாய்வழிக் குடி பார்த்துத்தான் வாக்கு விழும். காக்காவின் நிறம் பச்சை, மாமாவின் நிறம் நீலம். காக்காவின் நோட்டீஸ் வேலை எங்கள் வீட்டுக்கு வந்தது. பச்சை வயல், நடுவே மஞ்சள் நெற்கதிர்.

பச்சை மை கைவசம் இல்லை. மஞ்சளும் நீலமும்தான் இருந்தன. இரண்டையும் கல்லில் குழைத்துப் பச்சையாக்கி அடிக்கலாம். இல்லாவிட்டால், படம் முழுக்க மஞ்சள் அடித்துக் காயவிட்டு, நெற்கதிரை மட்டும் விட்டு மேலே நீலம் அடிக்கலாம். மஞ்சளின் மேல் விழும் நீலம் பச்சையாகிவிடும்.

"குழைச்சே அடிச்சிருங்களேன்," என்று கெஞ்சினேன். "உருளையில நீல மை இரிக்கிறதக் கண்டா காக்கா என்ன நினைப்பாரு?"

"குழைக்கிற ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பச்சை வரும் புள்ள. பாதி வாழக்குருத்து, பாதி பாசி. அதுக்கும் என்னத்தான் சொல்லுவாங்க," என்றார்.

அவருக்குத் தொழில் பெரிது, எனக்கு அவர் பெரிது. காக்கா ஒரு சொல் சொன்னால், வந்த மாப்பிள்ளை வந்த வழியே போக வேண்டியதுதான். அப்படிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மஞ்சள் அடித்து முடித்த மறுநாள் கச்சான் காற்று எழும்பியது. மேற்கே வயல் வெளியெல்லாம் சுட்டுக்கொண்டு வந்து உதட்டை வெடிக்க வைக்கும் காற்று. கடதாசிகள் அப்பளம் மாதிரி மொறமொறத்தன. அவர் நீல மையை உருளையில் பூசி முடித்த நேரம் பார்த்துக் காக்கா வாசலில் நின்றார்.

"மச்சான், எங்கட வேலைக்கு ஆருட நிறம் இது?"

என் கணவர் ஒரு மஞ்சள் தாளை வைத்து மிதித்தார். பச்சையாக வெளியே வந்தது. காக்காவின் முகம் கொஞ்சம் இளகியதும் நானும் மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். தாளைச் சன்னலடிக்குக் கொண்டுபோன காக்கா வயலின் ஓரத்தை விரலால் தடவினார். பச்சையைத் தாண்டி மெல்லிய நீலக் கோடு ஒன்று சுற்றிவர நின்றது.

"இது?"

"கச்சான் அடிச்சிக் கடதாசி சுருங்கிட்டு மச்சான். மஞ்சள் உள்ளுக்குப் போயிட்டு, நீலம் வெளியால நிக்கிது."

"ஓம் ஓம், காத்தும் உங்கட குடிதானே. மாமாட நிறத்தால என்ட வயலுக்கு வேலி போட்டிருக்கீங்க. நல்லம். இண்டைக்கே வீட்ட விட்டு வெளிக்கிடுங்க."

காக்காவுக்கு முன்னால் நான் குரல் எழுப்பியதே இல்லை. கால்தான் ஓடியது. கயிறு போதாமல் கடைசியாகக் கொஞ்சம் தாள்களை, தண்ணீர்க் குடங்கள் இருக்கும் உள்ளறையில் சன்னலைப் பூட்டிவிட்டுத் தொங்கவிட்டிருந்தேன். கச்சான் அங்கே நுழையவில்லை, குடத்து ஈரமும் இருந்தது. ஒன்றை உருவிக்கொண்டு வந்து கணவரிடம் நீட்டினேன். அவர் வைத்தார், மிதித்தார். அந்த ஒரு மிதிக்குள் எத்தனை தரம் "யா அல்லாஹ்" என்றேனோ தெரியாது.

நீலம் மஞ்சளின் மேல் அச்சொட்டாக உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் கோடு இல்லை.

காக்கா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மத்ததையும் அந்த அறைக்குள்ள போடுங்க. பதமானாப் பொறகு அடிங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வெளிக்கிடச் சொன்னதை அவர் திருப்பி எடுக்கவுமில்லை, மறுபடி சொல்லவுமில்லை.

தாள்களை உள்ளறைக்கு மாற்றும்போது கதவு மூலையில் கணவரின் தகரப் பெட்டி என் காலில் இடித்தது. திறந்து பார்த்தேன். சாரன், சேட்டு, தொப்பி எல்லாம் மடித்து அடுக்கியிருந்தன. எதிலும் மைக் கை பட்ட கறை இல்லை. அன்று காலையில், நீல மையைத் தொடுவதற்கு முன்பே கட்டி வைத்திருக்கிறார். அந்த வீட்டில் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெறுமையான கயிற்றில் அவருடைய சாரன்களை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டேன், ஈரமே இல்லாத சாரன்களை.