சல்லிக் கரையில் வெறுங்கை

பாணுக்கு வரிசையில் நின்ற வருடங்கள் அவை. சனிக்கிழமை காலையில் சாப்பாட்டுக்கு அரை றாத்தல் பாணை வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்னேரம் பஸ் ஏறி உப்புவெளியில் இறங்குவேன். அங்கிருந்து கடற்கரையோடு வடக்கே நடப்பேன். பாலையூற்றில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு இது விளங்கவேயில்லை. "நடக்கிறதுக்கா பஸ்ஸில போறீங்கள்?" என்று கேட்டா. ஓம், நடக்கத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ரீச்சர், வயது முப்பத்தாறு, கலியாணமும் இல்லை, ஊரில் இருந்த அம்மாவும் செத்துப்போனா. அறைக்குள் இருந்தால் சுவரைத்தான் பார்க்கவேண்டும்.

நடக்கிறதுக்கு அந்தக் கரைபோல வராது. மண்ணெல்லாம் அடம்பன் கொடி, அதற்கு மேலே தாழம்பற்றை. மீன்பிடிக்கிற ஊரான சல்லியைத் தாண்டினால், களப்போரக் கண்டல் மரங்களுக்குள்ளால் ஓர் ஒற்றையடிப் பாதை போகும். அரசாங்கம் ஒதுக்கிவைத்த காடு அது. மரம் தறிக்கக்கூடாது, மான் சுடக்கூடாது, நடக்கலாம். பாதை முடிகிற இடத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு பெரிய கல் இருந்தது. கடற்குருவியான ஆலாக்கள் வந்து அதில் குந்தும், நானும் குந்துவேன். வானம் வெளித்திருந்தால் தூரத்தில் புறாத்தீவு தெரியும். பொழுதுபடும்வரை இருந்துவிட்டுத் திரும்புவேன்.

ஒரு சனிக்கிழமை எனக்குப் பின்னால் ஒருத்தி வருவதைக் கண்டேன். சல்லியில் கருவாடு காயப்போடுகிற இடத்தில் பார்த்த முகம், தலையில் கடகப்பெட்டி. நான் நின்றால் அவவும் நின்று, மட்டி பொறுக்குகிறதுபோலக் குனிந்தா. நான் கல்லில் இருக்க, அவ தாழைக்குப் பக்கத்தில் இருந்தா. நான் எழும்ப அவவும் எழும்பினா. அடுத்த சனி வேறொருத்தி, அதே கடகத்தோடு. அதற்கடுத்த சனி திரும்பவும் முதல் வந்தவ. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இதென்ன அரியண்டம்! ஒரு மனுசி நிம்மதியாக நடக்கவும் ஏலாதா?

நேரே போய் அவவைக் கேட்டேன். "ஏன் எனக்குப் பின்னால திரியிறீங்கள்?"

அவ கடகத்தை இறக்கி வைத்தா. "கோவிக்காதேங்கோ ரீச்சர். கையில ஒண்டுமில்லாமல் வாறீங்கள். பொழுதுபடுற நேரம் பார்த்து அந்தக் கல்லில போய் இருக்கிறீங்கள்."

"அதுக்கு?"

"இந்தக் கரையில ஒரு பொம்பிளை வெறுங்கையோட நடந்தால், அவ திரும்பி வாறதுக்குப் போகேல்லை எண்டுதான் நாங்கள் நினைப்பம். அதுதான் ஆள் மாறி ஆள் வாறம்."

யோசித்துப் பார்த்தால், அந்தக் கரையில் வெறுங்கையோடு நடந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. கடகம், தண்ணிக்குடம், வலை, இடுப்பில் பிள்ளை, ஒன்றுமில்லாவிட்டால் மீன்பெட்டி கட்டின சைக்கிள். ஆனால் அந்த நேரம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"எனக்கென்ன விசரா கடலுக்குள்ள பாயிறதுக்கு? சும்மா கடல் பார்க்க வந்தனான்!" என்று கத்தினேன். கல்லில் இருந்த ஆலா எல்லாம் எழும்பிப் பறந்தன.

அவ அசையவில்லை. "அப்ப நல்லம். இனி ஒரு பையாவது கொண்டு வாங்கோ. எங்கட மனமும் ஆறும்."

அடுத்த சனி பனையோலைப் பைக்குள் ஒரு குடையை வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். சல்லிப் பெண்கள் பையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தங்கள் கருவாட்டைப் புரட்டினார்கள். ஒருத்தியும் பின்னால் வரவில்லை. அப்பாடா என்று நடந்தேன். கண்டல் பாதையில் ஏறும்போது ஒருக்கால் திரும்பிப் பார்த்தேன். மண்ணில் என் காலடி மட்டும் கிடந்தது. கல்லில் போய் இருந்தேன். அதே கடல், அதே புறாத்தீவு, ஆனால் இருக்க மனம் வரவில்லை. வெளிச்சம் இருக்கவே எழும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த சனிகளும் அப்படித்தான் போயின. ஒரு கிழமை காய்ச்சலில் படுத்துக்கிடந்தேன், ஏன் என்று ஒரு குரங்கும் கேட்கவில்லை. நான் திரும்பி வருகிறேனா என்று பார்க்க அந்த ஊரிலேயே இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்களையும் வாய் காட்டிக் கலைத்துவிட்டேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

மாரி தொடங்குவதற்கு முந்தின ஒரு சனி, பையை ஆணியில் கொழுவிவிட்டு, பஸ் காசைக் கைலேஞ்சியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டேன். சல்லிக்குள்ளால் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தேன். வெட்கம் கெட்ட வேலை, தெரியும். மழைக்குணம் என்று அவர்கள் அவசரமாகக் கருவாடு அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கல்லுக்குக் கிட்டப் போகும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தியும் வராவிட்டால் என்ற பயம்தான்.

திரும்பினேன். தாழைக்குப் பக்கத்தில் முதல் வந்த அவ, கடகத்தோடு மூச்சு வாங்க நின்றா.

"ஓடி வந்தனான்," என்றா. "பை எங்க ரீச்சர்?"

"மறந்துபோனன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. நான் அப்படியே மண்ணில் குந்தி அழுதேன். அவ வந்து பக்கத்தில் இருந்தா. மழை தூறத் தொடங்க எழும்பி, கடகத்தின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினா. அதற்குள் ஒன்றுமே இல்லை.

"பிடியுங்கோ ரீச்சர்," என்றா. "வெறுங்கையோட நடக்கக்கூடாது."