மிச்சம் ஏழு தோப்புக்கரணம்

ஓப்பநாயக்க என்ற சிங்கள ஊரில் எங்கள் கடை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது. அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் விற்றோம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கல்யாணமாகி அங்கே வந்த நாள் முதல் நான் கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பதினாறு வருடம் அதே ஸ்டூல். உடம்பு பெருக்காமல் என்ன செய்யும்? கோயிலில் தரையில் உட்கார்ந்தால் தூணைப் பிடிக்காமல் எழும்ப முடியவில்லை.

நாலு கடை தள்ளி, மருந்துக் கடையின் மேல்மாடியில் பெண்களுக்கு யோகா வகுப்பு ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம். சொல்லிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற விளையாட்டு டீச்சர். எல்லோருக்கும் அவர் மிஸ். அறுபது வயதிலும் முதுகு விளக்குமாற்றுக் கம்பு மாதிரி நேராக இருந்தது.

நான் சேரப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சீனி நிறுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"நீ யோகாவா? அந்த மாடிப்படி ஏறினாலே அன்னைக்கு யோகா முடிஞ்சிரும்."

"உங்க வயித்த மொதல்ல பாருங்க. சனிக்கெழம கல்லாவுல நீங்க உக்காருங்க. நான் போறேன்."

போனேன். பழைய சுரிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கடையில் விற்கும், புல்லில் பின்னிய பன்பாய் ஒன்றையும் சுருட்டி எடுத்துப் போனேன். மற்றவர்கள் ரப்பர் பாய் வைத்திருந்தார்கள். மெழுகு போட்ட சிமெந்துத் தரையில் என் பாய் வழுக்கிக்கொண்டே போனது. பத்துப் பேர் இருந்தோம். நான் ஒருத்திதான் தமிழ். அதில் எனக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. கடையில் நாள் முழுக்கச் சிங்களம்தான் பேசுகிறேன். அங்கே பேசியதும் சிங்களம்தான். இங்கே நான் அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

பக்கத்துப் பாயில் மாணிக்கக்கல் வியாபாரி ஒருவரின் மனைவி. காதில் பட்டாணி அளவு நீலக்கல் தோடு. ஊரில் எல்லோரும் மரியாதையாக நோனா என்று கூப்பிடும் பெண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தோட்டத்து ஆளுங்களுக்கு எதுக்கு யோகா? மல ஏறி எறங்கினா போதாதா?"

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் வாய் நிற்காது.

"யோகாவே எங்க ஆளுங்களோடதுதான் நோனா. நாங்க கோயில்ல தெனமும் செய்றோம். நீங்கதான் புதுசா படிக்கிறீங்க."

பச்சைப் பொய். எங்கள் லயத்தில் எவரும் யோகா செய்து நான் பார்த்ததில்லை. கோயிலிலும் பார்த்ததில்லை. ஆனால் மிஸ் கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அனே, எவ்வளவு நல்லது! நான் புத்தகத்தப் பாத்துப் படிச்சவ. உங்க ஆளுங்க செய்றது புத்தகத்துல எங்க இருக்கப்போகுது? அடுத்த சனிக்கெழம நீங்க எங்களுக்கு ஒன்னு சொல்லிக் குடுக்கணும்."

"ஹரி மிஸ்" என்றேன். சரி என்று சொல்லியாகிவிட்டது. நோனா ஒரு புருவத்தைத் தூக்கினார்.

அன்றைய வகுப்பில் என் கை முழங்காலைத் தாண்டவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது சுவரில் சாய்ந்தேன். ஆனால் கடைசியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொன்னார் மிஸ். பத்து நிமிடம். பதினாறு வருடத்தில் பட்டப்பகலில் நான் படுத்தது அன்றுதான். கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. யாரும் என்னிடம் கால் கிலோ வெங்காயம் கேட்கவில்லை. மூச்சு வந்தது, போனது. எனக்குச் சிரிப்பு வந்தது. படி இறங்கும்போது கால் நடுங்கியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பொய் பிடிபட்டால் எந்த முகத்தோடு மறுபடி அந்தப் படி ஏறுவது?

ஏதாவது ஆசனம் தெரியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நமக்குத் தெரிஞ்ச ஆசனம் அந்த ஸ்டூலுதான்" என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பூசாரியைப் பிடித்தேன்.

"சாமி, ஒரு யோகாசனம் சொல்லிக் குடுங்க. ஒன்னு போதும்."

"எனக்கா? தேங்கா ஒடைக்கக் குனிஞ்சாலே இடுப்புப் பிடிக்குது. ஒங்களுக்கு எதுக்கும்மா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"பொய்யும் சொல்லிட்டு, அதுக்கு ஆசனமும் கேக்குறீங்களா? மொதல்ல பிள்ளையாருக்குப் பன்னெண்டு தோப்புக்கரணம் போடுங்க."

போட்டேன். ஐந்தாவதில் முழங்கால் கடகடவென்றது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"போதும், போதும். மிச்சம் ஏழு பெறகு போடுங்க. அவரு எங்கயும் போகமாட்டாரு."

தொடை எரிந்தது. வியர்வை கழுத்தில் வழிந்தது. மிஸ்ஸின் வகுப்பில் ஒரு மணித்தியாலம் வளைந்தும் எனக்கு இப்படி வியர்க்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. இதை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுகிறேன்?

சனிக்கிழமை மிஸ் என்னை முன்னால் நிறுத்தினார். ஒன்பது பேர் எதிரே. முதலில் நெற்றிப் பொட்டில் மூன்று குட்டு என்றேன். குட்டினார்கள். வகுப்புக்கு வரும் ஊர் மருத்துவச்சி, மிட்வைஃப், பலமாகக் குட்டிவிட்டு "ஆவ்" என்றார். பிறகு இடது கையால் வலது காது, வலது கையால் இடது காது. அங்கேதான் குழப்பம். ஒருவர் இரண்டு கையாலும் ஒரே காதைப் பிடித்தார். மிஸ் சரியாகப் பிடித்துவிட்டு மற்றவர்களைத் திருத்தப் போய், தன் காதையே மறந்துவிட்டார்.

நோனாவுக்குத் தோடு குத்தியது. கழற்றி என்னிடம் நீட்டினார். "பத்திரமா வச்சிரு." என் சுரிதார் ஷோல் நுனியில் முடிந்துகொண்டேன்.

"இப்ப உக்காந்து எந்திரிங்க. நானும் போட்டுக்கிட்டே எண்றேன். ஒன்னு!"

"ஒன்னு!" என்றார்கள் எல்லோரும், தமிழிலேயே.

"ரெண்டு!" "ரெண்டு!" மூன்றில் முனகல். நாலில் மிட்வைஃப் புத்தரைக் கூப்பிட்டார். ஐந்தில் தரை அதிர்ந்தது. ஆறில் மருந்துக் கடை முதலாளி படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்று கத்தினார். "என்ன நடக்குது? மேசையில இருக்கிற போத்தல் எல்லாம் ஆடுது!"

"யோகா!" என்று மிஸ் உட்கார்ந்தபடியே பதில் கத்தினார்.

"ஏழு!" என்றேன். நின்றேன். என் கணக்கு முடிந்தது.

எல்லோரும் பாயில் விழுந்தார்கள். மிஸ் மட்டும் நின்றுகொண்டு, கண் மின்னக் கேட்டார். "அருமை! இதுக்கு என்ன பேர்? என்ன நோய் வருத்தத்துக்கு நல்லது?"

நோனா தரையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்கு, சீனி வருத்தத்துக்கு என்று எதையாவது அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொய்க்குப் பன்னிரண்டு போட்டு அப்போதுதான் முடித்திருந்தேன். இன்னொரு பன்னிரண்டை என் முழங்கால் தாங்காது.

"வருத்தத்துக்கு இல்ல மிஸ். தப்பு செஞ்சா பிள்ளையாருக்கு முன்னால போடுறது."

"நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

"நீங்க இல்ல. நான். எனக்கு யோகா தெரியாது. கோவத்துல பொய் சொல்லிட்டேன். பன்னெண்டு போடணும். நேத்து கோயில்ல அஞ்சுதான் முடிஞ்சுது. மிச்சம் ஏழு இங்க போட்டேன்."

நான் பாயைச் சுருட்டக் குனிந்தேன். இனி எங்கே இங்கே வருவது?

"அடிப் பாவி!" என்றார் நோனா. "ஒன் பாவத்துக்கா எங்க முழங்கால ஒடைச்ச?"

சொல்லி முடிக்குமுன் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிட்வைஃப் படுத்தபடி உருண்டார். மிஸ் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தார். சிரிப்பு அடங்கியதும் நோனா எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப, போன கெழம நான் ஒன்கிட்ட சொன்னதுக்கு எத்தன போடணும்?"

மழுப்பத் தெரியாத ஆள் நான். "பன்னெண்டு. ஏழு போட்டாச்சு. மிச்சம் அஞ்சு."

ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு எழுந்து நின்று காதைப் பிடித்தார். நான் எண்ணவில்லை. மற்றவர்கள் எண்ணினார்கள், தமிழில். ஐந்தாவதில் உட்கார்ந்தவரால் எழும்ப முடியவில்லை. தூக்கிவிடப் போனேன். என் பன்பாய் வழுக்கியது. இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். கீழேயிருந்து முதலாளி மறுபடி கத்தினார்.

அடுத்த நாள் காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் நோனா வந்தார். ரோட்டிலிருந்து எங்கள் கடைக்கு இரண்டே படி. கதவைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தார். தோடு என் ஷோலிலேயே முடிந்து கிடந்தது. முந்தின நாள் கேட்க அவரும் மறந்துவிட்டார், கொடுக்க நானும் மறந்துவிட்டேன்.

"நோனாவுக்குக் காலு சொகமில்லையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"யோகா" என்றார் நோனா. "எங்கயாவது உக்கார எடம் குடுங்க."

எழுந்து தோட்டையும் என் ஸ்டூலையும் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அவர் அதில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் தொடை வலியில் உயிர் போனது. ஆனாலும் நான் நின்றேன்.