அவனுக்குப் பிரிக்பீல்ட்ஸ் தெரியாது

சென்ற வாரம் மகளுக்கு வாடகை வீடு பார்க்க சுங்கை பூலோ போயிருந்தோம். காலியான அறையில் அலமாரியைத் திறந்தால், யாரோ விட்டுப்போன முகப்பவுடர் டப்பா. மூடியைத் திறந்து முகர்ந்தேன். அடுத்தவர் பவுடரை முகர்ந்து பார்க்கிற வயதா இது என்று கேட்காதீர்கள். மகள் வீடு காட்ட வந்தவனிடம், "போஸ், இங்க யாரும் செத்துப் போகலியே?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் அதற்குள் கிள்ளானுக்குப் போய்விட்டிருந்தேன்.

கிள்ளானில் எங்களுடையது, கம்பம் என்று நாங்கள் சொல்கிற ஆற்றோரக் கிராமத்தில் ஒரு பலகை வீடு. எழுபதுகள். பேய்களைப் பற்றிக் கருத்து இல்லாதவர் அந்தக் கம்பத்தில் கிடையாது. ஆசை தீராதவர்கள்தான் வீட்டைச் சுற்றுவார்கள் என்பது அப்பாவின் கட்சி. ஆவி தங்குவது மனுஷர்களுக்காக, ஆள் காலி செய்தால் அதுவும் கிளம்பிவிடும் என்பார் பெரியப்பா. எனக்கும் ஒரு கொள்கை இருந்தது: செத்தவர்களுக்குத் தாங்கள் செத்தது தெரியாது, அதனால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். கச்சான் கடலை தின்றபடி தோழிகளுக்கு இதைப் பாடமாகவே எடுத்திருக்கிறேன்.

பிறகு தம்பி சேகர் ஆற்றோடு போனான். "அம்மா, இதோ வந்துர்றேன்லா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவன். அதன்பின் நான் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சீன ஆ சோ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "துஜு ஹாரி, டியா பாலிக்" என்றாள். ஏழாம் நாள் வீட்டுக்குத் திரும்பி வருவானாம். தரையில் பவுடர் தூவி வைத்தால் காலடி தெரியுமாம். அம்மா அழுகையை நிறுத்தியது அப்போதுதான். ஆனால் பெரியப்பா பேச்சைக் கேட்டு, ஏழாம் நாளுக்கு முன்பே அப்பா எங்களைத் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடி அறைக்குக் கூட்டி வந்துவிட்டார். அம்மா அந்த அறையிலேயே பவுடர் தூவினாள். காலையில், கக்கூஸுக்குப் போய் வந்த அப்பாவின் காலடி மட்டும் இருந்தது.

"அவனுக்குப் பிரிக்பீல்ட்ஸ் தெரியாதேங்க," என்றாள் அம்மா. "வீட்டுக்கு வந்து பார்த்திருப்பான். யாருமே இல்லாம நின்னிருப்பான்."

அப்பா ஈரத்துணியை எடுத்துத் தரையிலிருந்த பவுடரைத் துடைத்தார்.

பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அம்மா கிள்ளானுக்கு பஸ் ஏறினாள், என்னையும் இழுத்துக்கொண்டு. பழைய வீட்டுக்குள் போகக் கேட்கமாட்டாள். வாசல் படியில் உட்கார்ந்து, அவனுக்குப் பிடித்த பீசாங் கோரெங் வாழைப்பழ பஜ்ஜியை மடியில் வைத்துக்கொண்டு, "சேகரு, நாங்க வீடு மாறிட்டோம்யா. என்கூட வந்துரு" என்பாள். திரும்பும்போது பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டாள். நான் பிரிக்பீல்ட்ஸ் வரை நின்றுகொண்டே வருவேன். அடுத்த வாரம் மறுபடியும் கிளம்புவாள். அவன் கூட வந்த மாதிரி அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள், "அக்கா, தப்பா நினைக்காதீங்க. என் பிள்ளைங்க உங்களைப் பார்த்துதான் பயப்படுது" என்றாள். அதோடு நின்றது. அதற்குப் பிறகு அம்மா வாழ்ந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொண்ணூறுகளில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருந்த நான், ஏழாம் நாள் யாருக்கும் தெரியாமல் பிரிக்பீல்ட்ஸ் அறையில் பவுடர் தூவினேன். காலையில் அது தூவியபடியே கிடந்தது. அவள் எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கிள்ளானுக்குப் போனேன்.

கம்பமே இல்லை. ஆ சோவின் வீடும் இல்லை. வேலி போட்டு, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்களை அடுக்கியிருந்தார்கள். லோரிகள் வந்து போயின. "என்ன வேணும் அக்கா?" என்றான் காவலுக்கு நின்றவன். என்ன வேண்டும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

வீடே போன பிறகு பேய் எங்கே தங்கும் என்று அந்தக் கம்பத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவும் பிள்ளையும் உட்கார அந்த ஒரு படியைக்கூட விட்டுவைக்கவில்லை.